குவாமின் அரை வாக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தேர்தல் முறை குறித்த உங்கள் கட்டுரையில், அமெரிக்க ஆட்சியில் இருந்தும் மாநிலமாக இல்லாத குவாம், போர்ட்டோ ரிக்கோ போன்ற தீவுகளின் மக்கள் நவம்பரில் அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது என்றும், ஆனால் வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாடுகளுக்குப் பேராளர்களை அனுப்புகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். சமையலுக்கு அழைத்துவிட்டுப் பந்தியில் இலை போடாமல் அனுப்புவது போல இருக்கிறது. இந்தப் பேராளர்கள் உண்மையில் எதையாவது தீர்மானிக்கிறார்களா, அல்லது மாநாட்டுக்கு வெறும் அலங்காரமா? அத்தீவுக்காரர் ஒருவர் வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தால் நிலைமை மாறுமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் பந்தி உவமை பொருத்தமானது. ஆனால் ‘அலங்காரம்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பேராளர்களின் கையில் இருப்பது மெய்யான அதிகாரம். அது அவர்களுக்கு உரிமையாக வழங்கப்படவில்லை என்பதுதான் என் வருத்தம்.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மக்களின் வாக்குக்குப் பிறகு அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களை (மொத்தம் 538 பேர்) ‘மாநிலங்கள்’ நியமிக்கும் என்கிறது அமெரிக்க அரசியலமைப்பு. மாநிலமாக இல்லாத தலைநகர் வாஷிங்டனுக்கு அந்த இடங்களில் மூன்றைத் தருவதற்கே 1961இல் ஓர் அரசியலமைப்புத் திருத்தம் தேவைப்பட்டது. போர்ட்டோ ரிக்கோ, குவாம், வர்ஜின் தீவுகள், வட மரியானா தீவுகள், அமெரிக்கன் சமோவா ஆகிய ஐந்துக்கும் அப்படி ஒரு திருத்தம் வரவில்லை. கட்சி மாநாடோ அரசியலமைப்பில் இடம்பெறாத ஒன்று. யாருக்கு எத்தனை இருக்கை என்பதைக் கட்சிகளே விதி வகுத்து முடிவு செய்துகொள்கின்றன. நவம்பரில் அடைத்திருக்கும் கதவு கோடைகால மாநாட்டில் திறந்திருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அந்தக் கதவு வழியாக உள்ளே சென்ற ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு, எனக்கு மிகவும் பிடித்த சான்று 1900ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹவாய் அப்போது மாநிலம் அன்று; 1893இல் அதன் அரசியாரின் ஆட்சி கவிழ்க்கப்பட்டு, 1898இல் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டு, அதன் ஆட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த ஜூலையில் கன்சாஸ் சிட்டியில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு ஹவாயின் பேராளராக வந்தவர், ஆட்சியிழந்த அந்த அரச குடும்பத்தின் இளவரசர் டேவிட் கவனனாகோவா. பதினாறு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் என்ற விகிதத்தில் வெள்ளி நாணயத்தைத் தடையின்றி அச்சிட வேண்டும் என்பதைக் கட்சியின் கொள்கை அறிக்கையில் வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும் என்று வேட்பாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் பிடிவாதமாக நின்றார். அந்த அறிக்கையை வகுக்கும் தீர்மானக் குழு ஏறத்தாழச் சரிபாதியாகப் பிளந்து நின்றபோது, தராசைச் சாய்த்தது இளவரசரின் வாக்கு. ஒரு பெரிய நாட்டின் நாணயக் கொள்கை குறித்து அதன் முக்கியக் கட்சி ஒன்று என்ன சொல்லும் என்பதை, அந்த நாட்டால் அரியணை பறிக்கப்பட்ட குடும்பத்தின் பிள்ளை தீர்மானித்தார். அந்த நவம்பரில் பிரையன் குடியரசுக் கட்சியின் மெக்கின்லியிடம் தோற்றார். அத்தேர்தலில் ஹவாய் மக்கள் வாக்களிக்கவில்லை. ஹவாய் 1959இல் மாநிலமானது. அதன் மக்கள் அதிபர் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 1960இல்.

பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2008இல் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் ஒவ்வொரு பேராளருக்காகவும் போராடிக்கொண்டிருந்தபோது, மே மாதத்தில் குவாமின் ஜனநாயகக் கட்சியினர் வாக்களித்தார்கள். ஒபாமாவுக்கு 2,264, கிளின்டனுக்கு 2,257. வித்தியாசம் ஏழு வாக்குகள். அவர்கள் தேர்ந்தெடுத்த பேராளர்கள் எட்டுப் பேர், ஆனால் மாநாட்டில் ஒவ்வொருவருக்கும் அரை வாக்கு. ஆக மொத்தம் நான்கு வாக்குகள், ஆளுக்கு இரண்டாகப் பிரிந்தன. ஒரு மனிதருக்கு அரை வாக்கு என்று ஒரு விதிநூலில் எழுதிவைக்க முடிகிறதே என்று அதைப் படித்த நாளில் மனம் கசந்தது.

அதே ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவுக்கு, வாக்கெடுப்பின் மூலம் பங்கிடப்படும் 55 பேராளர்கள் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். ஒரேகான் மாநிலத்துக்கு அப்படி 52 பேர்தான். போர்ட்டோ ரிக்கோவின் 55 பேரில் 38 பேரைக் கிளின்டன் வென்றார். குடியரசுக் கட்சியிலோ கணக்கு வேறு. அதன் விதிகளில் ‘மாநிலம்’ என்ற சொல்லே இந்த ஐந்து தீவு ஆட்சிப்பகுதிகளையும் உள்ளடக்கியது. மாநாட்டில் ஒருவரின் பெயர் முன்மொழியப்பட எட்டு மாநிலங்களின் பேராளர்களிடையே பெரும்பான்மை வேண்டும் என்று 2012இல் அக்கட்சி விதி செய்தபோது, அந்த எட்டில் ஒன்றாக எண்ணப்படுவதில் குவாமின் ஒன்பது பேரும் கலிஃபோர்னியாவின் 172 பேரும் சமமானார்கள். 2016இல் வேட்பாளர்கள் இத்தீவுகளின் ஆதரவைத் தேடியதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கன் சமோவாவின் எண்ணிக்கைகள் மிகச் சிறியவை. 2020இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் அங்கே வாக்களித்தவர்கள் 351 பேர். கோடிக்கணக்கில் செலவழித்த மைக்கேல் ப்ளூம்பெர்க் வென்ற ஒரே இடம் அதுதான். 2024இல் அதே கட்சியின் தேர்வில் 91 பேர் வாக்களித்து, பதவியிலிருந்த அதிபர் பைடனை 51க்கு 40 என்று தோற்கடித்தார்கள். ஆனாலும் பேராளர்கள் மும்மூன்றாகப் பிரிந்தார்கள். அத்தீவில் பிறப்பவர்கள் அமெரிக்க ‘நாட்டினர்’ மட்டுமே, பிறப்பால் குடிமக்கள் அல்லர். குடியுரிமையே இல்லாதவர்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் இருக்கையில் அமர முடிகிறது!

கட்சி கொடுத்ததைக் கட்சியே குறைக்கவும் முடியும். 2024இல் வர்ஜின் தீவுகளின் குடியரசுக் கட்சியினர், அனுமதித்த காலத்துக்கு முன்பாகவே தங்கள் தேர்வை நடத்தியதற்காக, அவர்களின் பேராளர் எண்ணிக்கை ஒன்பதிலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டது. விதியை மீறும் மாநிலங்களுக்கும் இத்தகைய தண்டனை உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் மாநிலத்தவருக்கு மாநாட்டில் இழந்த குரல் நவம்பரில் இருக்கும். தீவினருக்கு இருந்தது அது ஒன்றுதான். இதனால்தான், பேராளர் இருக்கைகளைக் காட்டி ‘அவர்களுக்கும் பங்கு இருக்கிறதே’ என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை.

குடிபெயர்வது பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். குவாமில் பிறந்த ஒருவர் குடிமகன்தான்; அவர் ஃப்ளோரிடாவில் குடியேறிப் பதிவு செய்துகொண்டால் அதிபர் தேர்தலில் வாக்களிக்கலாம். மறுதிசையில் பாருங்கள். ஃப்ளோரிடாக்காரர் ஒருவர் ஜப்பானில் குடியேறினால், வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கான சட்டப்படி, தான் கடைசியாக வசித்த மாநிலத்தின் வாக்காளராக அஞ்சலில் வாக்களிக்கலாம். அவரே அங்கிருந்து மூன்றரை மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும் குவாமுக்கு வந்து நிலையாகத் தங்கிவிட்டால், அந்தச் சட்டத்தின் கண்ணில் குவாம் உள்நாடு என்பதால், அந்த வாக்கு போய்விடும். அதன் பிறகு அவர் குவாமின் பேராளராகத் தேர்வு பெற்று மாநாட்டுக்குச் சென்று வேட்பாளரின் பெயருக்குக் கை தூக்கலாம். ஆனால் நவம்பரில், குவாம் 1980ஆம் ஆண்டிலிருந்து தேர்தல் நாளன்றே நடத்திவரும், எந்தக் கணக்கிலும் சேராத மாதிரி வாக்கெடுப்பில் மட்டும்தான் அதே பெயரில் அவர் குறியிட முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்