கண் அரிப்புக்குப் பழைய சொட்டு மருந்தையே வாங்கலாமா?

கேள்வி: என் பையனுக்கு 9 வயது. வெயில் காலம் வந்தால் இரண்டு கண்ணும் சிவந்து, ஓயாமல் கசக்குகிறான். மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து ஒரே நாளில் கேட்டது. நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறது. நாலைந்து பாட்டில் தீர்ந்துவிட்டது. லேபிளில் டெக்ஸாமெத்தசோன் என்று இருக்கிறது. அதையே வாங்கலாமா?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: வேண்டாம் அம்மா. அது ஸ்டீராய்டு. சிவப்பும் அரிப்பும் சட்டென்று அடங்குவது அதனால்தான். ஆனால் மாதக்கணக்கில் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெடலாம், புரையும் விழலாம். அழுத்தம் ஏறுவது பையனுக்கு வலியாகத் தெரியாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்கவே கூடாது. கேட்டதும் எடுத்துக் கொடுத்த கடைக்காரர் செய்தது தவறு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அலர்ஜி மாதிரிதான் தெரிகிறது. இரண்டு கண்ணிலும் அரிப்பு, நீர் வடிதல், நூலாக இழுபடும் வெள்ளைப் பீளை இவைதான் அடையாளம். நம் பக்கத்து வெயிலுக்கும் புழுதிக்கும் பள்ளி வயதுப் பையன்களுக்கு இது நிறைய வரும். மெட்ராஸ் ஐ அப்படியில்லை. பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்குத் தாவும், அரிப்பைவிட உறுத்தல்தான் அதிகம்.

அலர்ஜிக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது ஒலோபடடின் அல்லது கீட்டோடிஃபென். இவற்றில் ஸ்டீராய்டு இல்லை. சீசன் முழுக்க விடாமல் போட்டால்தான் முழுப் பலன். அரிக்கும்போது மட்டும் போட்டால் போதாது. ஸ்டீராய்டு தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. அப்போதும் மருத்துவர் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு, கொஞ்ச நாளைக்குத்தான் தருவார்.

அதனால் பெட்டியில் பிராண்டுப் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளோரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் எல்லாமே ஸ்டீராய்டுதான். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தும் வரும், அதையும் கவனியுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து மக்கள் மருந்தகத்தில் கிடைத்தால் விலை நன்றாகக் குறையும்.

கசக்க மட்டும் விடாதீர்கள். வருஷக்கணக்கில் கசக்கினால் கருவிழி கூம்பிப் பார்வை கெடலாம். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய இமைமேல் வையுங்கள், அரிப்பு தணியும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணில் விட வேண்டாம்.

இந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பழைய பாட்டிலைக் கையில் கொண்டுபோய்க் காட்டி, கண் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வலி, வெளிச்சத்தில் கண் கூசுவது, பார்வை மங்கல் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.