கேள்வி–பதில்: ஸ்விட்ச் 2இல் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் போடலாமா?

கே: மகனுக்கு நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 விளையாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ‘மிக் ஃபிளாஷ்’ என்ற கார்ட்ரிட்ஜை வாங்கினால் எல்லா விளையாட்டையும் ஒரே மெமரி கார்டில் அடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்த கடைக்காரர் சொல்கிறார். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய பழைய ஸ்விட்ச் கார்டுகளை மட்டும்தான் நகலெடுக்கப் போகிறோம். ஏரோபிளேன் மோடில் விளையாடினால் நிண்டெண்டோவின் தடை வராதாம். அப்படியே வந்தாலும் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். அதுவும் ஆகாவிட்டால் பெட்டியைப் பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் விற்றுவிடலாம்தானே? நிண்டெண்டோவின் பழைய கைக்கருவியான டிஎஸ் லைட்டில் ஆர்4 என்ற ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜைப் போட்டுப் பல ஆண்டுகள் ஓட்டியவன் நான். அப்போது ஒன்றும் ஆகவில்லையே!
– பெயர் வேண்டாம், செந்தூல், கோலாலம்பூர்

ப: வாங்காதீர்கள். சொந்தக் கார்டு என்பதால் ஆபத்தில்லை, ஏரோபிளேன் மோடு காப்பாற்றும், கணக்கை மாற்றினால் தடை நீங்கும் என்ற மூன்று நம்பிக்கையும் தவறு. கடைசியாகச் சொன்ன கேரோசல் யோசனை, முகம் தெரியாத இன்னொரு தகப்பனின் தலையில் மிளகாய் அரைக்கிற வேலை. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் துணிச்சல் ஆர்4 காலத்திலிருந்து வருகிறது. அந்தக் காலம் வேறு. டிஎஸ் கார்ட்ரிட்ஜ்களில் பிரதிக்குப் பிரதி மாறும் அடையாளம் கிடையாது. ஒரே விளையாட்டின் எல்லாப் பிரதிகளும் ஒன்றுபோலவே இருக்கும். கையிலிருக்கும் கருவியை நம்பவைத்துவிட்டால் ஆர்4இன் வேலை முடிந்தது. அடுத்த மாடலான டிஎஸ்ஐ வந்தபிறகு, சிஸ்டம் அப்டேட் மூலம் பல ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்களை நிண்டெண்டோ ஓடவிடாமல் செய்தது. ஆனால் டிஎஸ் லைட்டுக்கு அப்படி அப்டேட் எதுவும் இறங்காது. அதன் இணைய ஆட்டச் சேவையும் 2014 மே 20இல் மூடப்பட்டுவிட்டது. தடை போட அங்கே ஆளே இல்லை.

ஸ்விட்ச் கார்டு அப்படியல்ல. ஒவ்வொரு கார்டிலும் தயாரிப்பின்போதே ஒரு தனிச் சான்றிதழ் எழுதப்படுகிறது. ஒரே கடையில் ஒரே விளையாட்டை இருவர் வாங்கினாலும் சான்றிதழ் இரண்டு. அந்த விளையாட்டு இணையத்துக்குப் போகும்போது பெட்டி அந்தச் சான்றிதழை நிண்டெண்டோவின் சர்வரிடம் காட்டும். மிக் ஃபிளாஷ் தயாரிப்பாளர்களே விற்கும் ‘டம்பர்’ என்ற நகலெடுக்கும் கருவி உங்கள் கார்டை நகலெடுக்கும்போது விளையாட்டோடு சேர்த்து அந்தச் சான்றிதழையும் அடையாள எண்ணையும் தனிக் கோப்புகளாக எடுத்துக்கொள்கிறது. நகல் அசலாக நடிக்க அவை தேவை. மாட்டிவிடுவதும் அவைதான்.

உங்கள் மகன் அசல் கார்டைப் பள்ளித் தோழனுக்கு இரவல் கொடுக்கிறான் என்று வையுங்கள். தோழன் விடுமுறைக்குப் பினாங்கு போய் அங்கே ஆன்லைனில் விளையாடுகிறான். அதே நேரத்தில் உங்கள் மகன் செந்தூலில் நகலை வைத்து ஆன்லைனில் இருக்கிறான். ஒரே நம்பர் பிளேட்டோடு ஒரு கார் பினாங்குப் பாலத்திலும் இன்னொரு கார் ஃபெடரல் நெடுஞ்சாலையிலும் ஓடுவதுபோல இது. காசு கொடுத்தவர் யார், இரவல் வாங்கியவர் யார் என்பது சர்வருக்குத் தெரியாது. ஒரு சான்றிதழ் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். தோழன் ஒரு தப்பும் செய்யாமலே சிக்கலில் மாட்டுவான்.

இரட்டைச் சான்றிதழ் இல்லாவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். ஸ்விட்ச் 2 வெளிவந்தது 2025 ஜூன் 5. அந்த மாதமே மிக் ஃபிளாஷ் போட்டவர்களின் பெட்டிகளில் 2124-4508 என்ற பிழை எண் வரத் தொடங்கிவிட்டது. இந்தப் பெட்டியிலிருந்து ஆன்லைன் சேவைகளைப் பயன்படுத்துவதை நிண்டெண்டோ நிறுத்தி வைத்திருக்கிறது என்பது அதன் பொருள். சொந்தக் கார்டுகளின் நகலை மட்டுமே ஓட்டியதாகச் சொன்னவர்களும் அதில் இருந்தார்கள்.

ஏரோபிளேன் மோடு விஷயத்துக்கு வருவோம். விளையாடும்போது வைஃபையை அணைத்தால் அந்த நேரத்துக்கு எதுவும் வெளியே போகாது, உண்மைதான். ஆனால் எந்த விளையாட்டு எப்போது ஓடியது, எங்கே பிழை வந்தது என்ற பதிவுகள் பெட்டிக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும்; அடுத்த முறை இணையம் கிடைத்ததும் அவை போய்ச் சேரும். மாதக் கடைசியில் ஒரே ஒரு அப்டேட்டுக்காக வைஃபையைத் திறந்தாலும் போதும். இணையமே இல்லாமல் வைத்திருக்கவும் ஸ்விட்ச் 2 இடம் கொடுக்காது. பெட்டியைப் பிரித்ததும் ஒரு சிஸ்டம் அப்டேட் இறக்கினால்தான் முதல் ஸ்விட்சின் விளையாட்டுகளே அதில் ஓடும். நீங்கள் நகலெடுக்க நினைப்பதும் அந்தப் பழைய விளையாட்டுகளைத்தான். ஆக, கார்ட்ரிட்ஜ் வேலை செய்யவே பெட்டி ஒருமுறை ஆன்லைன் போயாக வேண்டும்.

தடை விழுவது பெட்டிமேல். மகனின் கணக்கை எடுத்துவிட்டு உங்கள் கணக்கைப் போட்டாலும், ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் அது போகாது. பெட்டிக்கென்று உள்ளே இருக்கும் சாதனச் சான்றிதழை வைத்துத்தான் சர்வர் அதை அடையாளம் காண்கிறது. மகனின் கணக்கு பெரும்பாலும் தப்பிக்கும். அதில் வாங்கிய டிஜிட்டல் விளையாட்டுகளை வேறொரு பெட்டியில் இறக்கலாம். ஆனால் இந்தப் பெட்டியில் ஈஷாப் என்ற நிண்டெண்டோவின் இணையக் கடை, ஆன்லைன் ஆட்டம், ஆட்ட நிலையை இணையத்தில் சேமிக்கும் கிளவுட் சேவ் எதுவும் கிடையாது. முழு விளையாட்டும் அடங்கிய கார்டைப் போட்டு வீட்டுக்குள் விளையாடலாம், அவ்வளவுதான். ஸ்விட்ச் 2க்கு வரும் பல விளையாட்டுகள் ‘கேம்-கீ கார்டு’ வகை. அந்தக் கார்டில் விளையாட்டே இருக்காது, சாவி மட்டும்தான்; முதல் தடவை போடும்போது முழுவதையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். தடைபட்ட பெட்டியில் அப்படி ஒரு கார்டைப் புதிதாக வாங்கிப் போட்டால், கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் துண்டு. இதற்கு மேலும் போக நிண்டெண்டோ இடம் வைத்திருக்கிறது: 2025 மே மாதம் திருத்திய அமெரிக்கப் பயனர் ஒப்பந்தத்தில், மீறினால் சாதனத்தையே முழுமையாகவோ பகுதியாகவோ நிரந்தரமாகப் பயன்படாமல் செய்யலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பெட்டியை யாரிடம் விற்கப் போகிறீர்கள்? பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சேர்த்துவைத்த காசோடு வரும் ஒருவரிடம்தான். தடை உண்டு என்பதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அது நேர்மையான விற்பனை. உதிரிபாகத்துக்கு வாங்குவோர் இருக்கிறார்கள். மறைத்து விற்றால் அது ஏமாற்று. வேறு பெயர் இல்லை.

கோலாலம்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான லோயாட் பிளாசாவிலோ கேரோசல் சந்திப்பிலோ பழைய ஸ்விட்ச் 2 வாங்கப் போகிற வாசகர்கள் இதைக் கவனியுங்கள். செட்டிங்ஸில் இருக்கும் இணைப்புச் சோதனை வெற்றி என்று காட்டினால் திருப்திப்பட வேண்டாம்; அது வைஃபையைத்தான் சோதிக்கிறது. சிஸ்டம் அப்டேட் இறங்குவதும் சான்றல்ல, தடைபட்ட பெட்டியிலும் அது இறங்கும். உங்கள் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பெட்டியை இணையுங்கள். புதிய யூசர் ஒன்றை உருவாக்கி உங்கள் நிண்டெண்டோ கணக்கைச் சேருங்கள். ஈஷாப்பைத் திறந்து இலவச டெமோ ஒன்றை இறக்கத் தொடங்குங்கள். கோடு நகர ஆரம்பித்தால் அந்த நிமிடம்வரை பெட்டி சுத்தம். 2124-4508 வந்தால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். “வீட்டில் போய் ரீசெட் பண்ணினால் சரியாகிவிடும்” என்று விற்பவர் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். பெட்டி வேண்டாமென்றால் உங்கள் யூசரை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க மறக்க வேண்டாம்.

முன்னவர் ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் ஓட்டிய பெட்டிக்கு விற்பனைக்குப் பிறகும் தடை வரலாம். அதனால் பெட்டியின் சீரியல் எண்ணைப் படமெடுத்து, அது எழுதப்பட்ட ரசீதாக வாங்குங்கள். விளம்பரப் பக்கத்தையும் பேரம் பேசிய உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழைய கேம் கார்டு வாங்கினாலும் இதே கவனம் வேண்டும். யாரோ அதை நகலெடுத்துக்கொண்டு அசலை விற்றிருக்கலாம். 2025 ஜூனில் வெளிநாட்டில் ஒருவர் பழைய கார்டுகள் வாங்கிப் போட்டதால் ஸ்விட்ச் 2க்குத் தடை வந்து, வாங்கிய விளம்பரத்தையும் கார்டுகளின் படத்தையும் நிண்டெண்டோ உதவிப் பிரிவுக்குக் காட்டித் தடையை நீக்கிக்கொண்டார். ஆதாரம் இருந்ததால் அவர் தப்பித்தார். விற்றது கடை என்றால் உள்ளூரிலும் வழி உண்டு: மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், மூன்று ஆண்டுக்குள் பதிவு செய்யலாம். வக்கீல் தேவையில்லை. தனிநபரிடம் வாங்கினால் அந்தக் கதவு திறக்காது. லோயாடில் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து ரசீதோடு வாங்குவது நல்லது என்று நான் சொல்வது அதனால்தான்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 40ஆவது பிரிவு கணினி நிரலுக்குக் காப்புப்படி எடுக்க இடம் தருகிறது; ஆனால் அசல் தொலைந்தால், அழிந்தால், பயன்படாமல் போனால் மட்டும் அதற்குப் பதிலாகப் பயன்படுத்தத்தான். கார்டு மாற்றும் சிரமத்தைக் குறைக்க அல்ல. அதே சட்டத்தின் 36ஏ பிரிவு பாதுகாப்புப் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது. “என் கார்டு, என் நகல்” என்ற வாதம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு உறுதியானதல்ல.

மகனுக்கு உண்மையில் வேண்டியது கார்டு மாற்றாமல் விளையாடும் வசதிதான் என்றால், அடிக்கடி ஆடும் இரண்டு மூன்று விளையாட்டுகளை ஈஷாப் தள்ளுபடியில் டிஜிட்டலாக வாங்கிக் கொடுங்கள். பெட்டியிலேயே 256 ஜிபி இடம் இருக்கிறது. கூடுதல் இடத்துக்கு வாங்கும்போது உறையில் ‘மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். சாதாரண மைக்ரோ எஸ்டியில் ஸ்விட்ச் 2 விளையாட்டைச் சேமிக்காது.

உங்கள் டிஎஸ் லைட்டும் ஆர்4உம் இன்னும் இருந்தால் அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். சட்டம் அங்கேயும் அதேதான். தடை ஆபத்து மட்டும் இல்லை. வீட்டிலிருந்தே எழுதிய சிறு விளையாட்டுகளை இலவசமாகத் தருபவர்கள் நிறையப் பேர், அவற்றை ஓட்ட அருமையான கருவி அது. ஆனால் பழுது வரும் இடங்கள் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஆர்4 எஸ்டிஎச்சி வகை மெமரி கார்டைப் படிக்காது. 2 ஜிபிக்கு மேல் போட்டால் ஓடாது. பின்னால் வந்த நகல் ஆர்4கள் 32 ஜிபி வரை ஏற்கும். கார்டை ஃபேட்32 முறையில், 32 கேபி கிளஸ்டர் அளவில் ஃபார்மட் செய்து, அந்த மாடலுக்குரிய கெர்னல் கோப்புகளை (ஆர்4ஐ இயக்கும் மென்பொருள்) எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் கார்டின் வெளிமட்டத்திலேயே வையுங்கள். வேறு மாடலின் கெர்னலைப் போட்டால் மெனு திறக்காது. நேற்றுவரை ஓடிய நகல் ஆர்4 இன்று மெனுவில் நின்றால் அது உடைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சில தயாரிப்பாளர்கள் குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு ஓடாதபடி மென்பொருளில் காலக்கெடு வைத்திருக்கிறார்கள், புதிதாக ஒன்று வாங்கவைக்க. டிஎஸ் கடிகாரத்தைச் சில ஆண்டுகள் பின்னுக்கு வைத்துப் பாருங்கள். திறந்தால் காரணம் அதுதான்.

மலிவு மைக்ரோ எஸ்டியில் போலி ஏராளம். 32 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 4 ஜிபிதான் இருக்கும். அந்த எல்லை தாண்டியதும் பழைய கோப்புகளின்மேல் எழுதி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, மேக்கில் ‘எஃப்3’ கொண்டு முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அதே கடைக்காரர் சூப்பர் நிண்டெண்டோ, மெகா டிரைவ் ஆகியவற்றுக்கான மலிவு கார்ட்ரிட்ஜ்களையும் நீட்டக்கூடும். அந்தக் கருவிகள் 5 வோல்ட்டில் ஓடுபவை. மலிவுப் பலகைகளில் 3.3 வோல்ட் சிப்பை நேரடியாக ஒட்டி, நடுவே மின்னழுத்தத்தை மாற்றும் சிப்பை விட்டுவிடுகிறார்கள். ஓடும், ஆனால் கருவியின் சிப்புகள் தாங்க வேண்டியதைவிட அதிகச் சுமையைத் தாங்கிக்கொண்டே ஓடும்.

ஆர்4இல் சேவ் செய்யும்போது திரையில் ‘சேவிங்’ மறைந்தபிறகும் ஓரிரு வினாடி பொறுத்து டிஎஸ்ஸை அணையுங்கள்; எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் சேவ் கோப்பு கெடும். மகன் கையில் கொடுப்பதற்கு முன் ‘.sav’ என்று முடியும் கோப்புகளை எல்லாம் கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.