கோத்தகிரியில் ஐந்து கோழிகள்: எந்த இனம், என்ன பெயர்?

வணக்கம் சகோதரி. கோத்தகிரியில் வீட்டு முட்டைக்காக ஐந்து கோழிகள், எந்த இனம் என்று கேட்டிருக்கிறீர்கள். மகள் அதற்குள் பெயர்ப் பட்டியலே போட்டுவிட்டாளாம்!

வெள்ளை லெகார்ன் வேண்டாம். முட்டையில் கெட்டிதான், ஆனால் அந்தப் பெரிய கொண்டை உறைபனிக்கு ஆகாது. ஊட்டியில் ஒரு ஜனவரியில் என் லெகார்னின் கொண்டை நுனிகள் முதலில் வெளிறின, பிறகு கருத்தன, கடைசியில் உதிர்ந்தே போயின. வீட்டு வளர்ப்புக்கென உருவாக்கிய கிராமப்பிரியா இனத்தில் மூன்று, சிறுவிடை என்ற நம் நாட்டுக்கோழியில் இரண்டு எடுங்கள். முன்னது முட்டைக்கு. சிறுவிடை ஆண்டுக்கு 60, 70 முட்டைதான் இடும். ஆனால் அடைக்கு உட்கார்ந்தால் 21 நாளும் கூடையை விட்டு நகராது, தீனிக்குக்கூட ஓட்டமாக வந்து ஓடிவிடும். சேவல் இல்லாவிட்டால் என்ன, சேவல் உள்ள பக்கத்து வீட்டிலிருந்து கருக்கூடிய முட்டையை வாங்கி வைத்தால் போதும்.

குளிரைவிட ஈரம்தான் பொல்லாதது. கூண்டுத் தரையில் மரத்தூளைக் கனமாகப் பரப்பிக் கிளறிவிடுங்கள்; மேலே காற்றுப் போகும் வழியை அடைக்காதீர்கள். மரநாய்க்குக் கம்பிவலை. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டவையா என்று கேட்டே வாங்குங்கள்.

பெயருக்கு நிறமே போதும்: செவலை, கருப்பி, புள்ளி. ஒரே நிறத்தில் இரண்டு வந்தால் காலில் வண்ண வளையம் மாட்டுங்கள். குஞ்சுக்கு மூன்று மாதம் ஆகும் முன் மட்டும் பெயர் வைக்காதீர்கள். எங்கள் மீனாட்சி ஒருநாள் விடியற்காலையில் கூவிவிட்டாள். பெயரை மாற்ற வீட்டில் இன்னும் யாரும் சம்மதிக்கவில்லை.