பூர்வீகம், சொந்த ஊர், பிறந்த ஊர்: மூன்றும் ஒன்றா?

ஒன்றல்ல. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம் என்பதால் பலருக்குப் பிறந்த ஊர் அம்மாவின் ஊராக இருக்கும். பாஸ்போர்ட்டில் கேட்பது அதைத்தான்.

சொந்த ஊர் என்பது தீபாவளிக்கு எந்த ஊர் பஸ்ஸுக்கு அலைகிறோமோ அது. வீடும் உறவும் அங்கே இருக்கும்.

பூர்வீகம் அதற்கும் பின்னால் போகும். தாத்தா, முப்பாட்டன் வாழ்ந்த இடம். “இருப்பது மதுரை, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்” என்பார்கள். அங்கே காலே வைக்காதவர்கூட அப்படிச் சொல்லலாம். குலதெய்வக் கோயில் பெரும்பாலும் அங்கேதான். ‘பூர்வீகச் சொத்து’ என்பதும் இந்தப் பொருளில்தான்.

ஊரை இனிஷியலாகவே சுமந்தவர்களும் உண்டு. ஈ.வெ.ரா.வின் ‘ஈ’ ஈரோடு; சி.என்.அண்ணாதுரையின் ‘சி’ காஞ்சிபுரம், அன்றைய ஆங்கில வழக்கில் கான்ஜீவரம்.

பேச்சில் “உங்களுக்கு எந்த ஊரு?” என்றாலே போதும், யாழ்ப்பாணத்தில் “உங்கட சொந்த இடம் எது?” என்பார்கள்.