வாசகர் கேள்வி-பதில்: குரல் போனாலும் போன் பேசலாம்

குரல்வளை அகற்றிய பிறகு போன் பேசுவது பற்றி வந்த கடிதங்களுக்கே இந்த இதழில் இடம். பதில் சொல்பவர் ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டைப் புற்றுநோயில் அவருக்கும் குரல்வளை போய்விட்டது.

கேள்வி: அப்பா காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவர். புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி இருக்கிறது. நேரில் புரிகிறது, போனில் கேட்பவர்கள் பயந்து வைத்துவிடுகிறார்கள். வீட்டில் ஆண்ட்ராய்டு போனும் தம்பியின் லேப்டாப்பும் உண்டு. அவருக்காக கம்ப்யூட்டரைப் பேச வைக்க முடியுமா?
– வாசகி, காசிமேடு

பதில்: முடியும். என் வீட்டில் கேஸ்காரர் முதல் சம்பந்தி வரை எல்லோரிடமும் லேப்டாப்தான் பேசுகிறது. அதற்காக அந்தக் கருவியைப் பரணில் போட்டுவிடாதீர்கள். போனில் அது புரியாததற்குப் பாதிக் காரணம் போனைப் பிடிக்கும் இடம். மைக் கழுத்துப் பக்கம் இருந்தால் ‘ஙொய்ங்’ என்ற சத்தம் மட்டும்தான் போகும். மைக்கை வாயோரம் கொண்டுவந்து, ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் பொத்தானை விட்டுவிட்டுப் பேசச் சொல்லுங்கள். தெரிந்தவர்களிடம் பேச இதுவே போதும்.

மற்றவர்களிடம் லேப்டாப். டைப் செய்ததை கம்ப்யூட்டர் வாசிக்கும் ஒலி, ஸ்பீக்கருக்குப் போகாமல் போன் காலுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. இதற்கு ‘விபி-கேபிள்’ என்று இலவசமாகவே ஒரு மென்பொருள் கிடைக்கிறது. நிறுவியதும் ஒலி அமைப்பில் ‘கேபிள் இன்புட்’, ‘கேபிள் அவுட்புட்’ என்று இரண்டு புதுப் பெயர்கள் வரும். எல்லோரும் தலையைச் சொறிவது இங்கேதான். குழாய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: வாசிக்கும் குரலை ‘இன்புட்’ முனையில் ஊற்ற வேண்டும், கால் பேசும் செயலி ‘அவுட்புட்’ முனையில் பிடித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் ‘வால்யூம் மிக்சர்’ திறந்து, குரோமின் ஒலியைக் கேபிள் இன்புட்டுக்கு மாற்றுங்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் வாட்ஸ்அப் செயலியில் மைக்காகக் கேபிள் அவுட்புட்டைத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பின் ஸ்பீக்கரைத் தொட வேண்டாம், எதிரில் இருப்பவர் பேசுவது ஹெட்போனில் வந்துகொண்டிருக்கட்டும்.

வாசிக்க என்ன? நான் குரோமில் கூகுள் டிரான்ஸ்லேட் பக்கத்தைத் திறந்து, தமிழ்ப் பெட்டியில் டைப் செய்து ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டுவேன். மொழிபெயர்ப்பை யார் பார்க்கப் போகிறார்கள்! நெட் போனால் அந்தக் குரலும் போய்விடும் என்பதால், விண்டோஸில் கிடைக்கும் ‘வள்ளுவர்’ என்ற தமிழ்க் குரலையும் இறக்கி வைத்திருக்கிறேன். கரண்ட் பில் புகாரை எங்கள் வீட்டில் அவர்தான் சொல்கிறார்.

வாட்ஸ்அப் இல்லாத நம்பர்களுக்கு விண்டோஸின் ‘ஃபோன் லிங்க்’ உதவும். ஆண்ட்ராய்டு போனை ப்ளூடூத்தில் கம்ப்யூட்டரோடு இணைத்து, சாதாரண காலையே கம்ப்யூட்டர் வழியாகப் பேசலாம். கம்ப்யூட்டரின் இயல்பான மைக்காகக் கேபிள் அவுட்புட்டை வைத்துவிடுங்கள்.

லேப்டாப்பை மீன்பிடித் துறைமுகத்துக்குத் தூக்கிப் போக முடியாது, சரி. ஆண்ட்ராய்டில் ஒரு செயலி தன் ஒலியை நேராக சிம் காலுக்குள் அனுப்ப வழி வைக்கவில்லை. அதனால் பழைய போன் ஒன்றில் கூகுளின் தமிழ்க் குரலை இறக்கி அதைப் ‘பேசும் போன்’ ஆக்கிவிடுங்கள். இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் வேலை செய்யும். கால் போகும் போனின் அடிப்பக்க மைக்குக்கு அருகில் இதன் ஸ்பீக்கரை வைத்தால் போதும், சத்தம் நடுத்தரமாக இருக்கட்டும். ஐஸ் உடைக்கும் மெஷின் பக்கம் நின்று மட்டும் முயல வேண்டாம். ஐபோன் இருந்தால் இந்தப் பாடெல்லாம் இல்லை. 2023-ல் வந்த ஐஓஎஸ் 17 முதல் ‘லைவ் ஸ்பீச்’ உண்டு, டைப் செய்வது நேராகவே காலுக்குள் போகும். ‘வாணி’ என்ற தமிழ்க் குரலும் இருக்கிறது.

மெஷின் வேலை அரை நாளில் முடிந்துவிடும். சிக்கல் எதிர்முனையில். ‘ஹலோ’ சொன்னவருக்கு இரண்டு மூன்று நொடி பதில் வராவிட்டால் லோன் கம்பெனி என்று சந்தேகம். அப்புறம் மெஷின் குரல் கேட்டால் லோன் கம்பெனியேதான் என்று முடிவு. ஆகவே நம்பரை அழுத்தும் முன்பே முதல் பேச்சு தயாராக இருக்க வேண்டும். அவர் எடுத்த மறு நொடி இது போக வேண்டும்:

“வணக்கம், காசிமேட்டில ஏலம் விட்டுட்டு இருந்தவன் பேசறேன். ஆபரேஷன்ல குரல் போயிடுச்சு, டைப் பண்றேன், கம்ப்யூட்டர் வாசிக்குது. நீங்க பேசறது எனக்கு நல்லா கேக்குது. பதில் வர கொஞ்ச நேரம் ஆகும், வெச்சிடாதீங்க.”

பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அப்பாவுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக் கத்தத் தொடங்குவார்கள், அல்லது வீட்டில் வேறு யாராவது இருந்தால் கொடுங்கள் என்பார்கள்.

அடுத்தது, ‘ம்’. நாம் போனில் கதை கேட்கும்போது ‘ம்… ம்…’ என்று கொட்டிக்கொண்டே இருப்போம். அது நின்றால் எதிரில் இருப்பவர் “ஹலோ? லைன்ல இருக்கீங்களா?” என்று தொடங்கிவிடுவார். தனி ‘ம்’மை மெஷின் குரல்கள் பல சமயம் சொதப்பும். ‘சரி’, ‘ஆமா’, ‘ஒரு நிமிஷம், அடிச்சிட்டு இருக்கேன்’ ஆகிய மூன்றையும் ஒரே தட்டில் வரும்படி வையுங்கள். போனின் கீபோர்டு அமைப்பில் ‘தனிப்பட்ட அகராதி’ என்று இருக்கும், அங்கே ஓரிரு எழுத்தைக் குறுக்குவழியாகக் கொடுத்தால் முழு வாக்கியம் வந்து நிற்கும். எதிரில் இருப்பவர் பேசும்போதே பதிலை அடிக்க ஆரம்பித்துவிட வேண்டும், அவர் முடிக்கக் காத்திருக்கக் கூடாது. வீட்டு ஆட்களிடம் பேசும்போது கருவியும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். போன் மைக்கில் நகத்தால் ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. நானும் என் மகளும் பாதிப் பேச்சை இப்படியே முடித்துவிடுவோம்.

வியாபாரப் பேச்சில் எண்களைக் கவனியுங்கள். பத்து இலக்க போன் நம்பரைச் சேர்த்து அடித்தால் சில குரல்கள் கோடி, லட்சம் என்று எண்ணத் தொடங்கும். இலக்கங்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். வஞ்சிரம், வவ்வால், சங்கரா என்று அவருக்கு வேண்டிய பெயர்களை ஒருமுறை வாசிக்க வைத்துக் கேட்டுவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் இருக்கிறதே, பழகிக்கொள்ள அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

கேள்வி: என் கணவருக்கு அடுத்த மாதம் குரல்வளையை எடுக்கிறார்கள். அவர் குரலைச் சேமித்து வைத்துப் பிறகு கம்ப்யூட்டரில் பேச வைக்கலாம் என்கிறான் மகன். உண்மையா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: உண்மைதான். ரோஜர் ஈபர்ட் என்ற அமெரிக்க சினிமா விமர்சகர் 2006-ல் பேச்சை இழந்தார். டிவிடிகளில் அவர் பேசியிருந்த விளக்கவுரைகளை வைத்து ஸ்காட்லாந்து நிறுவனம் ஒன்று அவருக்கு அவர் குரலையே கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தது. இப்போது ஐபோனிலேயே ‘பர்சனல் வாய்ஸ்’ இருக்கிறது. வந்த புதிதில் 150 வாக்கியம் வாசிக்கச் சொன்னது. ஆனால் தமிழுக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் என் யோசனை வேறு. செயற்கைக் குரலுக்காக அலையாமல் அவருடைய சொந்தப் பேச்சையே பதிவு செய்யுங்கள். “எங்கடா இருக்க?”, “சாப்டாச்சா?”, “அம்மாகிட்ட குடு”, பேரப்பிள்ளைகளின் பெயர்கள், அவர் வழக்கமாகத் திட்டும் திட்டு, சிரிப்பு. ஒவ்வொன்றும் தனித்தனி ஃபைலாக இருக்க வேண்டும். மேலே சொன்ன கேபிள் வழியாக காலின் நடுவில் அவற்றை ஓட விடலாம். ஃபேனை நிறுத்திவிட்டு, ரயில் போகாத நேரம் பார்த்து, துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதன் முன் உட்கார வைத்துப் பதியுங்கள். எதிரொலி குறையும். குரல் இப்போதே கரகரப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பதியுங்கள். பழைய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களையும் கல்யாண வீடியோக்களையும் இன்றே கம்ப்யூட்டருக்கு மாற்றி வையுங்கள். போன் மாற்றும்போது முதலில் தொலைவது அவைதான்.

கேள்வி: வங்கிக்கு போன் செய்தால், “ரெக்கார்டட் வாய்ஸில் பேசினால் விவரம் தர மாட்டோம்” என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: எனக்கும் நடந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டுக்கு விளக்கம் தரும் இடத்திலேயே குரல்வளை நீக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து வாங்குங்கள். அதன் நகலோடு கிளைக்கு நேரில் போய், ‘இந்த நம்பரிலிருந்து கம்ப்யூட்டர் குரலில் அழைப்பேன்’ என்று எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வாருங்கள். ஓடிபி, பின் நம்பரை மட்டும் மெஷினில் அடித்து வாசிக்க வைக்காதீர்கள். கேட்பவர் யாராக இருந்தாலும் சரி.

கேள்வி: ராத்திரியில் தனியாக இருக்கும்போது ஏதாவது ஆனால்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: ‘112 இந்தியா’ செயலியைப் போட்டு வையுங்கள், வாய் திறக்காமலே உதவி கேட்கலாம். 108-க்கு ஒரு பேச்சைத் தயாராகச் சேமியுங்கள். கதவு எண், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ ஸ்கூலோ பஸ் ஸ்டாண்டோ, எல்லாம் அதில் இருக்கட்டும். நம்மில் பலர் விட்டுவிடும் ஒரு வரியும் வேண்டும்: “எனக்கு மூச்சு கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான். ஆக்சிஜனைக் கழுத்தில் வையுங்கள்.” முகத்தில் மாஸ்க் வைத்தால் குரல்வளை எடுத்தவருக்குக் காற்று போகாது. இந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலேயும் ஒட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எல்லாம் அமைத்துக் கொடுத்துவிட்டேன். “நியூஸ் வாசிக்கிறவ மாதிரி இருக்கு, நான் பேச மாட்டேன்” என்கிறார்.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘நான் வந்துகொண்டிருக்கிறேன்’ என்று அடித்தால் அது நியூஸ்தான். ‘வந்துனே இருக்கேன்’ என்று பேசுகிற மாதிரியே அடிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒழுங்காகவே வாசிக்கும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். எட்ஜ் பிரவுசரில் ‘பல்லவி’ என்ற பெண் குரல் இருக்கிறது, அதையும் போட்டுக் காட்டுங்கள். ஸ்டீஃபன் ஹாக்கிங் 1985-ல் பேச்சை இழந்து கம்ப்யூட்டர் குரலுக்கு மாறினார். இங்கிலாந்துக்காரருக்கு வாய்த்தது அமெரிக்க உச்சரிப்பு. பிறகு நல்ல குரல்கள் வந்தும் அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் காலை வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போட வைக்காதீர்கள். அம்மா யாரோடு ரொம்ப நாளாகச் சண்டை பாக்கி வைத்திருக்கிறாரோ, அவருக்குப் போடச் சொல்லுங்கள். கோபத்தில் டைப் வேகம் தன்னால் வரும்.