எளிமையாக வாழ்வது கிறிஸ்தவனுக்குக் கடமையா? வீட்டார் அதைக் கஞ்சத்தனம் என்கிறார்களே?

கேள்வி கேட்டவர் மூன்று செய்திகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். குறைவாக வாங்கி எளிமையாக வாழ்வது விசுவாசத்தின் கட்டளையா, அவரவர் விருப்பமா. ஒரே ஒரு குடும்பம் அப்படி வாழ்வதால் இயற்கைக்கு என்ன ஆகிவிடப் போகிறது. தம் வீட்டார் இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லும்போது என்ன பதில் சொல்வது. கோத்தகிரிப் பக்கம் வாழும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் ஒருவரின் பதிலாக இதைக் கொள்ளுங்கள். மூன்றாவதிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கஞ்சனின் வீடும் எளியவரின் வீடும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டிலும் பழைய நாற்காலிதான் இருக்கும். மிச்சமான பணம் எங்கே போகிறது என்று பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஓர் இளைஞரைப் பற்றித் தம் பிரசங்கம் ஒன்றில் சொல்கிறார். ஆண்டுக்கு 30 பவுண்டு வருமானம் வந்தபோது அவர் 28 பவுண்டில் வாழ்ந்து, எஞ்சிய 2 பவுண்டைக் கொடுத்துவிட்டார். மறு ஆண்டு வருமானம் 60 ஆனது. அப்போதும் 28இல் வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். பிறகு 90 வந்தது, அதன் பிறகு 120 வந்தது. அவருடைய செலவோ அந்த 28ஐத் தாண்டவில்லை. அந்த இளைஞர் வெஸ்லியேதான் என்று பலரும் கருதுகிறார்கள். அவர் கொடுத்த தொகையைவிட, ஆண்டுதோறும் அசையாமல் நின்ற அந்த 28தான் என்னை யோசிக்க வைக்கிறது. சம்பளம் ஏறினால் தேவையும் ஏறத்தான் செய்யும் என்று நாம் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். போதும் என்ற கோட்டை வருமானம் வருவதற்கு முன்பே கிழித்து வைக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இது கட்டளையா என்றால், ஆம் என்றே நான் நம்புகிறேன். "உண்ணவும் உடுக்கவும் நமக்கு உண்டாயிருந்தால் அதுபோதுமென்றிருக்கக்கடவோம்" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும், "ஒருவனுக்கு எவ்வளவு திரளான ஆஸ்தி இருந்தாலும் அது அவனுக்கு ஜீவன் அல்ல" என்று ஆண்டவர் எச்சரித்ததும் துறவிகளுக்கு மட்டும் சொல்லப்பட்டவை என்று வேதத்தில் எங்கும் இல்லை. 1974இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கூடிய சுவிசேஷ சபைத் தலைவர்கள், வசதியுள்ள கிறிஸ்தவர்கள் எளிய வாழ்க்கை முறையை மேற்கொள்வது தங்கள் கடமை என்று ஏற்றுக்கொண்டார்கள். ஏழைகளுக்கு உதவவும் நற்செய்திப் பணிக்குத் தாராளமாகக் கொடுக்கவும் அது வழிசெய்யும் என்பதே அவர்கள் கூறிய காரணம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடல், பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கச் சொன்னது. ஆனால் நம் சபைகளில் நிலைமை என்ன? சாட்சி சொல்லும் நேரத்தில் புதிய கார் கிடைத்ததற்கும் மாடி வீடு கட்டியதற்கும் ஸ்தோத்திரம் சொல்கிறோம். பழைய வண்டியோடு இந்த ஆண்டையும் மனநிறைவாக ஓட்டிவிட்டேன் என்று ஒருவர் எழுந்து ஸ்தோத்திரம் சொல்லி நான் கேட்டதில்லை. கடைத்தெரு நமக்குக் கற்றுத்தரும் ஆசையைக் காட்டிலும், பிரசங்க பீடத்திலிருந்து ஆசீர்வாதம் என்ற பெயரில் வரும் ஆசை ஆபத்தானது. விளம்பரத்தைச் சந்தேகிக்கிற நாம் அதைச் சந்தேகிப்பதில்லை.

இயற்கைக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு, நான் வாழும் நீலகிரி மலையையே பார்த்துப் பதில் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். அவை பரவிய இடங்களில், மழைநீரை வாங்கி மெல்ல மெல்ல ஓடைக்கு விடும் புல்வெளி மறைந்தது. யாரோ சிலருடைய அன்றாடத் தேவைதான் ஒரு மலையின் நீரோட்டத்தையே மாற்றியது. கோத்தகிரியை ஒட்டி இன்னும் மிஞ்சியிருக்கும் லாங்வுட் சோலை ஏறத்தாழ 116 ஹெக்டேர்தான். கீழேயுள்ள ஊர்கள் அதன் தண்ணீரை நம்பியிருக்கின்றன. 2024 ஜனவரியில் அது, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் சோலையை என் ஒரு குடும்பத்தின் சிக்கனம் காப்பாற்றிவிடும் என்று சொன்னால் அது பொய். ஆதாமைத் தோட்டத்தில் வைத்தபோது "அதைப் பண்படுத்தவும் காக்கவும்" வைத்தார் என்றுதான் எழுதியிருக்கிறது; பலனைக் கணக்குப் பார்த்துவிட்டுக் காக்கத் தொடங்கு என்று சொல்லப்படவில்லை. அதோடு, ஒரு குடும்பமாகச் செய்வது சிறிதாக இருந்தாலும் சபையாகச் செய்வது சிறிதல்ல.

எங்கள் அறுப்பின் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், ஒரு கூடைப் பச்சைத் தேயிலை என்று அவரவர் முதற்பலனை ஆலயத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு கோஸை எடுத்தவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார்; அது மூன்று கை மாறி, கடைசியில் ஒரு விதவைத் தாயாரின் பையில் போய்ச் சேரும். அதன் பின்னர் நடக்கும் அன்பின் விருந்துக்கு இப்போதெல்லாம் அவரவர் வீட்டிலிருந்து எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. இந்த மலையில் குப்பையைத் தேடிக் கரடியும் காட்டெருமையும் ஊருக்குள் வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்த பிறகும், "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்" என்று சொன்னவரின் விருந்து அப்படித்தானே இருக்க வேண்டும்.

எல்லோரும் வாங்குவதை நிறுத்தினால் பிழைப்பு போகுமே என்பார்கள். மழைக்கோட்டின் ஜிப் விட்டுப்போனால், ஆல்டரேஷன் செய்யும் தையல்காரர் ஓரத் தையலைப் பிரித்து, பழைய ரன்னரைக் கழற்றி, புதியதைப் பல்லில் ஏற்றி, முனையை மறுபடி தைத்து ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிடுகிறார். அந்தக் கூலி இந்த ஊரிலேயே தங்குகிறது. வாங்குவது குறைந்தால் செப்பனிடுகிறவர்களுக்கு வேலை கூடும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தேயிலை பறித்து அன்றாடக் கூலியில் வாழும் பெண்களிடம் எளிமையைப் பற்றிப் பேசுவது அநியாயம். இந்தக் கட்டளை மிச்சம் வைத்திருக்கிற நமக்கு உரியது.

இனி உங்கள் வீட்டார். வசனம் காட்டி அவர்களோடு வாதாட வேண்டாம். உங்கள் சட்டை, உங்கள் செல்போன், உங்கள் பயணம் ஆகியவற்றில் தொடங்குங்கள். பிள்ளைகள் கேட்பதில் நியாயமானதை முகம் சுளிக்காமல் வாங்கிக் கொடுங்கள். மிச்சமாகும் தொகை எங்கே போக வேண்டும் என்பதை எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் மிஷனெரிப் பணிக்கு அனுப்பலாம் என்று நான் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் நர்சிங் படிப்புக்குக் கட்டலாம் என்று என் மனைவி சொன்னார், அப்படியே செய்தோம். உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு வைக்கும் மொய்யில் மட்டும் கையைச் சுருக்காதீர்கள். உங்களுக்கென்று செய்துகொள்ளும் செலவில்தான் சிக்கனம் வேண்டும். அவர்களுடைய மகள் கல்யாணத்தில் அதைக் காட்டினால், நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் அதைக் கஞ்சத்தனம் என்றுதான் சொல்வார்கள்.