பிரபுக்கள் கைவிட்டதும் குடியானவர்கள் காத்ததும்

அன்புள்ள ஐயா,
16ஆம் நூற்றாண்டில் போலந்தில் புராட்டஸ்டன்ட் சபைகள் பெரிய அளவில் பரவியிருந்தன என்று முன்பு ஒரு பதிலில் எழுதியிருந்தீர்கள். இன்று அது கத்தோலிக்க நாடு. பிரான்சில் நடந்ததுபோல் பெரிய படுகொலைகளும் அங்கே நடக்கவில்லை. அப்புறம் அந்தப் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் எங்கே போனது? பணக்காரர்களின் மோஸ்தர்தானா அது?
ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொல்வதில் பாதி சரி. போலிஷ் பேசும் மக்களிடையே சீர்திருத்தம் வேர்பிடித்தது பிரபுக்களின் பண்ணைகளில். அவர்கள் கைவிட்டபோது அது சரிந்தது. ஆனால் அதை வெறும் மோஸ்தர் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்து எழுந்த ஜெர்மானியர் லூத்தரின் கருத்துகள் முதலில் வந்தது க்தான்ஸ்க் போன்ற ஜெர்மன் பேசும் வணிக நகரங்களுக்கு. அரசர் முதலாம் ஜிக்மண்ட் 1520இலேயே லூத்தரின் நூல்களைத் தடைசெய்துவிட்டார். போலிஷ் பிரபுக்களை ஈர்த்தது பெரும்பாலும் ஜெனீவாவில் சீர்திருத்தத்தை நடத்திய கால்வினின் வழி. அவர்களுக்குப் பிஷப்புகளோடு பழைய பகை இருந்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தசமபாகமாகக் கட்ட வேண்டும், திருச்சபை நீதிமன்றம் ஒரு பிரபுவையே மதவிரோதி என்று தண்டிக்கலாம். கால்வினின் சபையிலோ பாதிரியார் அல்லாத மூப்பர்களுக்கும் நிர்வாகத்தில் இடம் உண்டு. 1550இல் பின்ச்சூவ் ஊரின் பிரபு ஒலெஷ்னிட்ஸ்கி அங்கிருந்த துறவிகளை வெளியேற்றி, மடத்தைச் சீர்திருத்தக்காரர்களிடம் கொடுத்தார். கொஞ்ச காலத்திலேயே அந்தச் சிற்றூர் அறிஞர்கள் கூடும் இடமாகிவிட்டது. இங்கிலாந்தில் அயல்நாட்டவர் சபையை நடத்திய யான் வாஸ்கி 1556இல் தாய்நாடு திரும்பி, கடைசியில் 1560இல் அங்கேதான் இறந்தார்.

பின்ச்சூவில் கூடிய அறிஞர்கள்தான் முழு பைபிளையும் மூலமொழிகளைப் பார்த்துப் போலிஷில் பெயர்த்தார்கள். 1563இல் பிரெஸ்ட் நகரில் அச்சான அதற்குச் செலவழித்தவர் லித்துவேனியாவின் பெரும் பிரபு, கருப்பர் என்று அழைக்கப்பட்ட மிகோலாய் ராட்சிவில். அவர் 1565இல் இறந்தார். மகன் கத்தோலிக்கராக மாறினார். அப்பா அச்சிட்ட பைபிளின் பிரதிகளை விலைகொடுத்து வாங்கி எரித்தார். போலந்துச் சீர்திருத்தத்தின் முழுக்கதையும் இந்த அப்பனுக்கும் மகனுக்கும் இடையில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

படுகொலை நடக்காததற்குக் காரணம் உண்டு. 1572 ஆகஸ்டில் பாரிஸில் புராட்டஸ்டன்ட்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். அதற்குச் சில மாதங்கள் கழித்து, 1573 ஜனவரி 28 அன்று, அரசர் இல்லாத இடைவெளியில் வார்சாவில் கூடிய பிரபுக்கள் மத வேறுபாட்டுக்காக ஒருவர் ரத்தத்தை ஒருவர் சிந்துவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். புதிதாகத் தேர்வான பிரெஞ்சு இளவரசர் ஆன்ரியும் அதற்குச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் இது எவ்வளவு பெரிய காரியம்! அந்த ஆவணத்தை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் அதே ஆவணம், தன் குடிகள்மேல் பிரபுவுக்குள்ள அதிகாரத்தை அப்படியே விட்டுவைத்தது. மதத்தைச் சாக்காகச் சொல்லிக் குடியானவன் கீழ்ப்படியாமல் இருக்க முடியாது. மனசாட்சியின் சுதந்திரம் பிரபுவுக்குத்தான் உறுதியாகக் கிடைத்தது. பிரபு மாறினால் ஊர்க்கோயில் கால்வினிஸ்ட் ஆகும், அவர் மகன் திரும்பினால் மறுபடி கத்தோலிக்கம் ஆகும். உழுகிறவனை இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை. அவன் பழைய திருவிழாவையும் மாதா வணக்கத்தையுமே பிடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு நடந்தது எளிது. 1564இல் வந்த இயேசு சபையினர் நல்ல பள்ளிகளைத் திறந்தார்கள். புராட்டஸ்டன்ட் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். 1587இல் அரசரான மூன்றாம் ஜிக்மண்ட் உயர் பதவிகளைப் பெரும்பாலும் கத்தோலிக்கருக்கே கொடுத்தார். வாள் தேவைப்படவில்லை.

இதில் விலகி நிற்பவர்கள் போலிஷ் சகோதரர்கள் என்ற பிரிவினர். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை மறுத்ததால் மற்ற புராட்டஸ்டன்ட்களே இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இவர்களில் ஒரு பகுதியினர் போருக்குப் போக மறுத்தார்கள். பண்ணையடிமைகளின் உழைப்பில் ஒரு கிறிஸ்தவன் வாழலாமா என்று கேட்டார்கள். ராகுவ் என்ற சிற்றூரில் அவர்கள் நடத்திய கல்விக்கூடமும் அச்சகமும் 1638இல் மூடப்பட்டன. 1658இல், சுவீடன் படையெடுப்பின் கொந்தளிப்பில், மதம் மாறு அல்லது நாட்டைவிட்டுப் போ என்று சட்டமே வந்தது. உங்கள் கேள்விக்கு ஒரு திருத்தமாக இதைச் சொல்கிறேன்: படுகொலை இல்லைதான், நாடு கடத்தல் இருந்தது. வீடும் நிலமும் விட்டுப் போனவர்களின் நம்பிக்கையை மோஸ்தர் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு சான்று தெற்கே, சேஷின் சிலேசியாவில் இருக்கிறது. அது அப்போது போலந்து அரசுக்குள் இல்லை, ஆனால் மக்கள் பேசியது போலிஷ். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ஆண்ட கோமகன் லூத்தரன் சபையைக் கொண்டுவந்தார். அவருடைய மகன் 1609 வாக்கில் கத்தோலிக்கத்துக்குத் திரும்பினார். வழக்கப்படி பார்த்தால் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஆளும் வம்சம் அற்றுப்போய் ஆஸ்திரியாவின் கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் அரசு நேரடியாக ஆளத் தொடங்கியதும், 1654இல் லூத்தரன்களின் கோயில்கள் பறிக்கப்பட்டன. மலைக்கிராமத்துக் குடியானவர்கள் காட்டுக்குள் பாறைகளைச் சுற்றிக் கூடி வழிபட்டார்கள். பாதிரியார் இல்லாத நாட்களில் வீட்டில் போலிஷ் பிரசங்க நூலைத் திறந்து அப்பா வாசிப்பார், குடும்பம் கேட்கும். இப்படி அரை நூற்றாண்டு ஓடியது. சுவீடன் அரசர் பன்னிரண்டாம் சார்லஸின் நெருக்குதலால் 1707இல் ஹாப்ஸ்பர்க் பேரரசர் இறங்கிவந்தார். 1709இல் சேஷினில் இயேசு கோயிலின் கட்டுமானம் தொடங்கியது.

இன்று போலந்தில் லூத்தரன்கள் மிகச் சிறுபான்மையினர். அவர்கள் அதிகம் வாழ்வது இந்தப் பகுதியில்தான். விஸ்வா என்ற மலையூர் அவர்களுடைய ஊர் என்றே நாடு முழுக்கப் பெயர் பெற்றது. 1997 முதல் 2001 வரை போலந்துப் பிரதமராக இருந்த யெஷி புசெக்கும் சேஷின் சிலேசியாவின் லூத்தரன் குடும்பத்தில் பிறந்தவர்.